கடல்கன்னியா, வில்லாளியா?

வேலூர் வெயிலில் மதியம் பிள்ளைகளைத் தெருவில் விட முடியாது, படம்தான் கதி. ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ (1989), ‘பிரேவ்’ (2012) இரண்டில் எதைப் போடலாம்?

முதல் படத்தில் மூழ்கும் இளவரசனைக் கடல்கன்னி ஏரியல் காப்பாற்றுகிறாள். அதுவரை சரி. அப்புறம் கால்களுக்காகக் குரலையே சூனியக்காரியிடம் கொடுத்துவிடுகிறாள். அந்தச் சூனியக்காரியைக் கொல்வதும் இளவரசன்தான். பாட்டுகள் அருமை.

‘பிரேவ்’, பிக்சார் அனிமேஷன் நிறுவனம் ஒரு பெண்ணை நாயகியாக வைத்து எடுத்த முதல் படம். தனக்கு மாப்பிள்ளை தேர்ந்தெடுக்க நடக்கும் வில்போட்டியில் இளவரசி மெரிடா தானே இறங்கி ஜெயிக்கிறாள். கதையின் உயிர் அம்மா–மகள் சண்டை. பன்னிரண்டாவது முடிந்ததும் கல்யாணப் பேச்சு எடுக்கும் வீடுகள் குடியாத்தம் பக்கம் இன்னும் உண்டு, அங்கே விளக்கமே தேவைப்படாது. ஆண்களைத்தான் கோமாளிகளாக்கிவிட்டார்கள், பையன்களுக்கு அது நியாயமில்லை.

என் ஓட்டு ‘பிரேவ்’க்கு. சின்னப் பிள்ளைகள் என்றால் கரடி வரும்போது பக்கத்தில் உட்காருங்கள்.