ஓப்பன்பி.எஸ்.டி. சர்வரில் பி.எஃப்.: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

2013-இல் ஒரு சிறிய அலுவலகத்தின் கேட்வேயாக, அதாவது உள்வலையை இணையத்தோடு இணைக்கும் கணினியாக, ஓப்பன்பி.எஸ்.டி. என்ற இயங்குதளத்தைப் போட்டேன். அன்றிலிருந்து ஃபயர்வாலும் பேண்ட்விட்த் பங்கீடும் அதிலேயே வரும் பி.எஃப். (பாக்கெட் ஃபில்டர்) பொறுப்பு. நடுவில் இயந்திரம் இரண்டு முறை மாறியது, பி.எஃப்.-ஐ மாற்றத் தோன்றவே இல்லை.

முதலில் பிடித்தது விதிகளை எழுதும் முறை. எல்லாம் ஒரே கோப்பில், வாசித்தாலே புரியும். லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் பழகியவர்கள் மட்டும் கொஞ்சம் தடுமாறுவார்கள். அங்கே முதலில் பொருந்தும் விதியே முடிவு செய்யும். இங்கே கடைசியாகப் பொருந்துவதுதான் செல்லும், 'குயிக்' என்று சேர்த்திருந்தால் மட்டும் அங்கேயே முடிவு. பொதுத் தடையை மேலே வைத்து, விலக்குகளைக் கீழே எழுதப் பழகிவிட்டால் வேறு மாதிரி எழுதவே கை வராது. கோப்பில் இலக்கணப் பிழை இருந்தால் அதை ஏற்றாது, பழைய விதிகளே தொடரும்.

எனக்குப் பிடிபட நாளானது ஸ்டேட் டேபிள்தான். இணைப்பின் முதல் பாக்கெட்டுக்கு அனுமதி கிடைத்ததும் அந்த இணைப்பு டேபிளில் பதிவாகிவிடும். அடுத்து வருபவை விதிகள் பக்கமே போவதில்லை. ஓர் இரவு எஸ்.எஸ்.எச். (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) விதியில் முகவரியைத் தப்பாக எழுதி ஏற்றினேன். நான் இருந்த செஷன் தடையில்லாமல் ஓடியது. எல்லாம் சரி என்று நம்பி வெளியே வந்தேன், திரும்ப நுழைய முடியவில்லை. காலையில் நேரில் போய் மானிட்டரை மாட்டித்தான் திருத்த முடிந்தது. இப்போது பழைய செஷனை மூடாமல், இன்னொரு டெர்மினலில் புதிதாக நுழைந்து பார்ப்பேன். பத்து நிமிடத்தில் பழைய கோப்பை மறுபடி ஏற்றும்படி, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் 'அட்' கட்டளையில் ஒரு வேலையும் வைத்துவிடுவேன். புதிய செஷன் திறந்தால்தான் அதை நீக்குவேன்.

டிராஃபிக் ஷேப்பிங்கிலும், அதாவது எதற்கு எவ்வளவு வேகம் என்று பிரித்துக் கொடுப்பதிலும், இதே கதைதான். பெரிய பேக்கப் ஒன்று மேலேறும்போது குரல் அழைப்புகள் விட்டுவிட்டுக் கேட்டன. பேக்கப்புக்குத் தனி வரிசை (க்யூ) அமைத்து ஏற்றினேன், ஒன்றும் மாறவில்லை. ஓடிக்கொண்டிருந்த பேக்கப் பழைய ஸ்டேட்டிலேயே இருந்ததுதான் காரணம். அந்த ஸ்டேட்டை அழித்து, பேக்கப்பை மறுபடி தொடங்கிய பிறகே அது புதிய வரிசைக்குள் வந்தது.

அப்புறம், வேக வரம்பு. லைன் 20 எம்.பி.பி.எஸ். அப்லோடு தந்தால் நான் 18 என்றுதான் போடுவேன். 20 என்று போட்டால் நெரிசல் மோடத்துக்குள் போய்த் தேங்கும், அங்கே நம் வரிசைகளுக்கு வேலையில்லை. அந்த இரண்டை விட்டுக்கொடுத்தால் நெரிசல் நம் சர்வரிலேயே நிற்கும், யார் முதலில் போவது என்பதை நாம் தீர்மானிக்கலாம். உள்ளே வருவதை வெளிப்பக்கத்தில் பிடிக்க முடியாது. ஆனால் உள்வலை பக்கம் வெளியேறும்போது குறைத்தால், டி.சி.பி. அனுப்புநர் தானாகவே வேகத்தைத் தணிக்கும்.

2014-இல் 5.5 பதிப்போடு புதிய வரிசை முறை வந்தது, 5.6-இல் ஆல்ட்க்யூ என்ற பழைய வரிசை முறை நீக்கப்பட்டது. எல்லா வரிசைகளையும் கையால் மாற்றி எழுதினேன். கோப்பு பாதியாகச் சுருங்கியது. 2017-இல் 6.2 பதிப்பில் 'ஃப்ளோஸ்' வந்தபின் அழைப்புகளுக்கென்று தனி வரிசையே தேவைப்படவில்லை. ஒவ்வொரு இணைப்புக்கும் அதுவே நியாயமாக இடம் பிரித்துக் கொடுக்கிறது.

அதே குடும்பத்தின் இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபி.எஸ்.டி.-யிலும் பி.எஃப். உண்டு, ஆனால் அது பல வருடம் முன்பே பிரிந்த கிளை. இந்தக் கோப்பை அப்படியே அங்கே கொண்டுபோனால் ஏறாது, வரிசைப் பகுதியையாவது மாற்றி எழுத வேண்டியிருக்கும்.