முதலில் எதைப் போடுவது: ‘டியூபுலர் பெல்ஸ்’ஸா, ‘ஸ்னோ கூஸ்’ஸா?

பாட்டே இல்லாத ராக் ஆல்பம் ஒன்றைக் கேட்டுப் பார்ப்போம் என்று யாராவது கிளம்பினால், விஷயம் தெரிந்தவர்கள் உடனே கைகாட்டுவது மைக் ஓல்ட்ஃபீல்டின் ‘டியூபுலர் பெல்ஸ்’. 1973 மே மாதம் வந்தது. வர்ஜின் நிறுவனம் வெளியிட்ட முதல் இசைத்தட்டு. இரண்டு வருடம் கழித்து கேமல் குழு கொண்டுவந்த ‘தி ஸ்னோ கூஸ்’ பெரும்பாலும் ப்ராக் ராக் (நீளமான, சிக்கலான அமைப்புள்ள ராக் வகை) பைத்தியங்களோடு நின்றுவிட்டது. புதிதாக வருபவருக்கு நான் சொல்வது இந்த இரண்டாவதைத்தான். அதுவே பெரிய படைப்பு என்பதற்காக இல்லை.

‘டியூபுலர் பெல்ஸ்’ பதிவானபோது ஓல்ட்ஃபீல்டுக்குப் பத்தொன்பது வயது. ஆக்ஸ்போர்டுஷயரில் ‘தி மேனர்’ என்ற மாளிகையில் இருந்த ஸ்டுடியோவில், பெரும்பாலான வாத்தியங்களைத் தானே வாசித்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்த வேலை. அந்த ஆரம்பப் பியானோவை ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தில் கேட்டிருப்பீர்கள். காலால் தாளம் போட்டுப் பாருங்கள், ஒட்டாது. பதினாறில் ஒன்றைக் கழித்து, பதினைந்து தட்டில் ஒரு சுற்றை முடித்திருப்பார். முடிந்தது என்று நாம் நினைப்பதற்கு ஒரு தட்டு முன்னாலேயே அது மறுபடி தொடங்கிவிடும். பேய்ப் படத்துக்கு அது பொருந்தியதில் ஆச்சரியமே இல்லை.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். மொத்த ஆல்பமும் இரண்டே துண்டு, ஒவ்வொன்றும் இருபது நிமிடத்துக்கு மேல். பிடித்துக்கொள்ளத் தலைப்பில்லை, கதையில்லை. அந்தப் பியானோவுக்காக வந்தவர் ஏழாவது எட்டாவது நிமிடத்தில் போனை நோண்ட ஆரம்பித்துவிடுவார். பொறுத்தால் முதல் பாகத்தின் கடைசிப் பகுதி கிடைக்கும். ஒரே மெட்டு சுற்றிச் சுற்றி வர, விவியன் ஸ்டான்ஷால் என்பவர் ஒவ்வொரு வாத்தியமாகப் பெயர் சொல்லி அழைக்கிறார்; கச்சேரி முடிவில் பக்கவாத்தியக்காரர்களை அறிமுகப்படுத்துகிற தோரணை. பெயர் சொல்லச் சொல்ல அந்த வாத்தியம் வந்து மெட்டில் ஏறிக்கொள்கிறது. கடைசியில் “டியூபுலர் பெல்ஸ்!” என்று அவர் சொல்ல, அந்தக் குழாய் மணி ஒலிக்கும். ராக் இசையில் இவ்வளவு பெரிய சந்தோஷத்தை இவ்வளவு எளிய வழியில் கொடுத்தவர்கள் குறைவு.

இரண்டாம் பாகம் அந்த உயரத்தில் இல்லை. இடையில் ஒருவர் குகை மனிதனைப் போல உறுமுகிறார். சிலருக்கு அது விளையாட்டு. எனக்கு இன்று வரை ஒட்டவில்லை.

‘ஸ்னோ கூஸ்’ காதைப் பிடித்து இழுக்காது, கையைப் பிடித்துக் கூட்டிப் போகும். பால் கேலிகோவின் குறுநாவல்தான் அடிப்படை. இங்கிலாந்தின் எசெக்ஸ் சதுப்பு நிலத்தில் பழைய கலங்கரை விளக்கத்தில் தனியாக வாழும் ஓவியன் ரயாடர். காயம்பட்ட வாத்து ஒன்றை அவனிடம் தூக்கி வரும் சிறுமி ஃப்ரித்தா. பிறகு 1940இல் டன்கர்க், அதாவது ஜெர்மன் படை சூழ்ந்த பிரெஞ்சுக் கடற்கரையிலிருந்து வீரர்களைப் படகுகளில் மீட்ட சம்பவம். கேலிகோ தரப்பு ஆட்சேபித்ததால், உறையில் ‘கதையால் தூண்டப்பட்ட இசை’ என்று போட வேண்டியிருந்தது. பாட்டு வரி ஒன்றுகூட இல்லை. ஆனால் பதினாறு துண்டுக்கும் தலைப்பு உண்டு. வரியோடு கேட்டே பழகிய காதுக்கு அந்தத் தலைப்புகளே போதும்.

‘ரயாடர்’ துண்டில் கேமலின் ஆண்ட்ரூ லாட்டிமர் புல்லாங்குழலில் வாசிக்கும் மெட்டு ஒரு தடவை கேட்டாலே மனதில் தங்கிவிடும். பிறகு ‘ரயாடர் அலோன்’ வரும்போது அதே மெட்டு கீபோர்டில் தளர்ந்து, தயங்கி வருகிறது. யார் போய்விட்டார்கள் என்று யாரும் சொல்லவே வேண்டாம். நடுவில் ‘ரயாடர் கோஸ் டு டவுன்’ துள்ளலாகத் தொடங்கிப் பாதியில் வேகம் குறைய, லாட்டிமர் கிடாரை அழ வைப்பார். குறை? லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் தந்தி வாத்தியங்களில் சில இடங்களில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். தவிர, பத்துப் பதினைந்து தடவை கேட்டபின் இதில் புதிதாக ஒன்றும் அகப்படாது. ‘டியூபுலர் பெல்ஸ்’ முதல் பாகத்திலோ இன்னமும் ஏதாவது ஒரு மாண்டலின் கண்ணில்படாமல் ஒளிந்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், கேமலுக்கு ஆர்கெஸ்ட்ரா எழுதிய டேவிட் பெட்ஃபோர்டுதான் ‘டியூபுலர் பெல்ஸ்’ஸையும் முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதியவர். அது 1975இல் தனி ஆல்பமாக வந்தது. அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

மூன்றாவதாக ரிக் வேக்மேனின் ‘தி சிக்ஸ் வைவ்ஸ் ஆஃப் ஹென்றி தி எய்த்’தைச் சிலர் சொல்வார்கள். விரல் வேகம் பிரமாதம். கீபோர்டு வாசிப்பவர் வீட்டில் இருந்தால் போடுங்கள்.

கேட்கும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. ‘ஸ்னோ கூஸ்’ துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஓடுபவை. ஷஃபிளில் போட்டால் கதை செத்தது, நடுவில் விளம்பரம் வந்தாலும் அதே கதிதான். ‘தி கிரேட் மார்ஷ்’ கேட்டும் கேளாமலும் தொடங்கும். பஸ்ஸில் கேட்டால் முதல் நிமிடம் போயே போய்விடும், ஹெட்போனோடு வீட்டில் உட்காருங்கள். ‘டியூபுலர் பெல்ஸ்’ என்று தேடினால் 1992இன் இரண்டாவது, 1998இன் மூன்றாவது, 2003இல் அவரே மறுபடி வாசித்துப் பதிந்தது என்று வரிசையாக வரும். கேமலும் 2013இல் மறுபதிவு போட்டது. இரண்டிலும் பழையதை எடுங்கள்: 1973, 1975.