முட்டைக்கோழித் தீவனத்தில் பாஸ்பரஸ்: டி.சி.பி.யா, பைட்டேஸ் நொதியா?

முட்டைக்கோழிகளுக்கு வேண்டிய கூடுதல் பாஸ்பரஸை முழுக்க டி.சி.பி. எனப்படும் டைகால்சியம் பாஸ்பேட்டாகவே கொடுத்துவந்த நான், அதில் ஒரு பகுதியைக் குறைத்துப் பைட்டேஸ் நொதிக்கு மாறினேன். பழைய முறைக்குத் திரும்பும் எண்ணம் இல்லை.

டி.சி.பி.யின் நிறைகள் யாவரும் அறிந்தவை. அதில் ஏறத்தாழ 18 சதவீதம் பாஸ்பரஸ் உண்டு. சூட்டில் வீரியம் இழக்காது. கலப்பதில் சிறு பிழை நேர்ந்தாலும் பெரிய கேடு வராது. தரம் குறைந்த சரக்கில் புளோரின் மிகுந்திருக்கக்கூடும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

பைட்டேஸைப் பற்றிச் சொல்ல வேண்டியதே அதிகம். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு ஆகியவற்றிலுள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்னும் சேர்மமாகக் கட்டுண்டு கிடக்கிறது. அந்தக் கட்டை அவிழ்க்கும் பைட்டேஸ் போதுமான அளவு கோழியின் குடலில் சுரப்பதில்லையாதலால், அதன் பெரும்பகுதி எச்சத்தோடு வெளியேறி, மழைநீரில் அடித்துச் செல்லப்பட்டு, நீர்நிலைகளில் பாசி மண்டக் காரணமாகிறது. துத்தநாகத்தையும் கால்சியத்தையும்கூடப் பைட்டேட் பிடித்துவைத்திருப்பதால், அது சிதையும்போது அவையும் விடுபடுகின்றன. கிராமுக்கு 5,000 அலகு வீரியமுள்ள நொதியை டன்னுக்கு 100 கிராம் சேர்த்தால் கிலோ தீவனத்துக்கு 500 அலகு கிடைக்கும், அது 0.1 சதவீதப் பாஸ்பரஸை விடுவிப்பதாகக் கொண்டால், டன்னுக்கு ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ டி.சி.பி. மிச்சமாகும்.

இந்தக் கணக்கு பலிப்பதும் பொய்ப்பதும் கால்சியத்துக்காகச் சேர்க்கும் சுண்ணாம்புக்கல்லைப் பொறுத்தது. முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கல்லை மாவாக அரைத்துக் கலந்தால் அது இரைப்பையில் விரைவாகக் கரைந்து அமிலத்தைத் தணிக்கிறது. அமிலச் சூழலில் இயங்க வேண்டிய நொதி தளர்கிறது. கரைந்த கால்சியமோ பைட்டேட்டோடு பிணைந்து அதை நொதிக்கு எட்டாததாக்கிவிடுகிறது. 2 முதல் 4 மில்லிமீட்டர் குருணையாகக் கொடுத்தால் அரைவைப்பையில் தங்கி மெல்லக் கரைவதால், நொதிக்கு அவகாசம் கிடைக்கிறது; முட்டை ஓடு உருவாகும் இரவு நேரத்தில் கால்சியத்துக்கும் தட்டுப்பாடு வராது. ஓர் ஓட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் வேண்டும். குடலிலிருந்து வராத பங்கைக் கோழி எலும்பிலிருந்து எடுக்கும்போது பாஸ்பரஸும் சேர்ந்தே கரைந்து வெளியேறுகிறது. நொதியால் மிச்சப்படுத்தியது அந்த வழியே போய்விடும். தொடக்கத்தில் நான் மாவுக்கல்லையே தொடர்ந்தேன். வயது முதிர்ந்த கோழிகளிடம் ஓடு மெலிந்த முட்டைகள் கூடியபோது நொதியைத்தான் குறை சொன்னேன். கல்லில் மூன்றில் இரண்டு பங்கைக் குருணையாக மாற்றிய பிறகே ஓடு தேறியது.

100 கிராமை நேரடியாக ஒரு டன்னில் கொட்டினால் சீராகப் பரவாது. முதலில் சில கிலோ தவிட்டில் கலந்துகொள்ள வேண்டும். பையை வெயிலும் ஈரமும் படாமல் வைக்க வேண்டும். குச்சித் தீவனம் (பெல்லட்) தயாரிக்கும்போது ஏறும் 80 டிகிரிக்கு மேற்பட்ட சூடு சாதாரண நொதியைச் சிதைக்கும். சூடு தாங்கும் பூச்சுள்ள வகைகள் இருந்தாலும், மாவுத் தீவனமே கொடுக்கும் எனக்கு அவற்றில் அனுபவமில்லை. டி.சி.பி.யையும் நான் அறவே நீக்கவில்லை. முட்டை உற்பத்தி உச்சத்தில் இருக்கும் வாரங்களில் அதைக் குறைக்கும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.