நீல எண்ணா, சிவப்பு எண்ணா? ஃபுளோரன்ஸின் பழைய வீடுகளும் கைவினைப் பட்டறைகளும்

இத்தாலியின் ஃபுளோரன்ஸில் ஒரு முகவரியைத் தேடிப் போகிறவர்கள் முதல் நாளே குழம்பிப் போவார்கள். தெருவில் ஒரு கதவில் 5 என்று இருக்கும். நாலைந்து கதவு தள்ளி இன்னொரு 5 இருக்கும். ஒன்று நீலத்திலோ கறுப்பிலோ எழுதியிருக்கும், மற்றது சிவப்பில். நீல எண் வீட்டுக்கு. சிவப்பு எண் கடைக்கும் பட்டறைக்கும். இரண்டும் தனித்தனி வரிசையாக ஒரே தெருவில் ஓடுகின்றன. முகவரியில் எண்ணோடு ‘ஆர்’ என்ற எழுத்து ஒட்டியிருந்தால் அது ‘ரோஸ்ஸோ’, அதாவது சிவப்பு.

உஃபிஸி அருங்காட்சியகமும் பேராலயமும் பார்த்தாகிவிட்டது, கையில் அரை நாள் மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த வரிசையைப் பிடித்துப் போவது? பழைய குடும்பங்கள் வாழ்ந்த வீடுகளையா, இன்றும் சுத்தியல் சத்தம் கேட்கிற பட்டறைகளையா? இரண்டையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பி இரண்டையும் அரைகுறையாகப் பார்த்துத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அதனால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றே எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

வீடுகளில் முதலிடம் போர்த்தா ரோஸ்ஸா தெருவில் உள்ள பலாட்சோ தவன்சாத்திக்கு, அதாவது தவன்சாத்தி மாளிகைக்கு. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் தவித்ஸி என்ற வணிகக் குடும்பம் கட்டியது; 1578இல் தவன்சாத்தி குடும்பத்தின் கைக்கு வந்தது. அந்தக் காலத்துப் பணக்கார வீடு எப்படி இயங்கியது என்று தெரிந்துகொள்ள நகரத்தில் இதைவிட நல்ல இடம் இல்லை. வீட்டுக்குள்ளேயே சொந்தக் கிணறு. அதற்கு மேலே செங்குத்தாக ஒரு குழல் போகிறது. ராட்டினத்தில் வாளியை விட்டு எந்த மாடியிலிருந்தும் தண்ணீர் இறைக்கலாம். ஊர்க் கிணற்றில் வரிசையில் நின்று தண்ணீர் எடுத்த காலத்தில் இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள். மாடிக்கு மாடி கழிப்பறை உண்டு. சமையலறை உச்சி மாடியில்: புகையும் சூடும் மற்ற அறைகளுக்கு இறங்காது, தீப்பிடித்தாலும் கீழே இருப்பவர்கள் தப்பலாம். முதல் மாடிக் கூடத்தின் தரையில் மூடி போட்ட துளைகள் இருக்கின்றன. வாசலில் நிற்பது நண்பனா பகைவனா என்று மேலிருந்தே பார்க்கலாம், பகைவன் என்றால் அங்கிருந்தே தாக்கலாம்.

கிளிகள் அறை, மயில்கள் அறை என்று பெயர் பெற்ற அறைகளின் சுவர் முழுக்க ஓவியம். துணித்திரை தொங்குவதுபோல வரைந்திருக்கிறார்கள். அழகுதான். ஆனால் என்னை அசைய விடாமல் நிறுத்தியது வேறு: சுவர்களில் வீட்டில் இருந்தவர்களே கீறி வைத்த குறிப்புகள். கணக்குகள் இருக்கின்றன, ஊர்ச் செய்திகளும் இருக்கின்றன. 1478 ஏப்ரல் 26 அன்று பேராலயத்துக்குள், ஊரை ஆண்ட மெதிச்சி குடும்பத்து ஜூலியானோ தெ மெதிச்சி கொல்லப்பட்டதை ஒருவர் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார். வரலாற்றுப் புத்தகத்தில் படித்த கொலை, பக்கத்துத் தெருக்காரர் சொல்கிற சேதியாக நம் முன்னால் நிற்கிறது.

மற்ற வீடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிபெல்லினா தெருவில் காசா புவனரோத்தி, அதாவது புவனரோத்தி வீடு: சிற்பி மைக்கலாஞ்சலோ புவனரோத்தி 1508இல் வாங்கிய சொத்து. பதின்ம வயதில் அவர் செதுக்கிய ‘படிக்கட்டு மாதா’, ‘சென்டார்களின் போர்’ என்ற இரு புடைப்புச் சிற்பங்களும் இங்கேதான் இருக்கின்றன, அதற்காகவே போகலாம். ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் ஹோர்ன் அருங்காட்சியகம்: அளவான வீடு, பழைய ஓவியர் ஜொத்தோவின் புனித ஸ்தேவான் ஓவியம் உள்ள வீடு. ஊருக்கு வடக்கே குன்றின் மேல் ஸ்திபெர்த் மாளிகை: கவசம் பூட்டிய குதிரைவீரர்கள் அணிவகுத்து நிற்கும் கூடம் குழந்தைகளுக்குப் பிடிக்கும். இந்த மாளிகைக்கு இந்தியத் தொடர்பும் உண்டு. இதிலுள்ள பொருள்களைச் சேர்த்த ஃபிரடெரிக் ஸ்திபெர்த்தின் தாத்தா கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படைக்குத் தளபதியாக இருந்தவர். குடும்பச் செல்வம் அங்கிருந்து வந்தது.

இந்த வீடுகளைப் பற்றி ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். குடும்பங்கள் விட்டுப் போன வீட்டை நாம் அப்படியே பார்க்கவில்லை. தவன்சாத்தி வீட்டை 1904இல் எலியா வோல்பி என்ற பழம்பொருள் வணிகர் வாங்கிச் செப்பனிட்டார். 1910இல் அருங்காட்சியகமாகத் திறந்தார். அதில் வைத்திருந்த மேசை நாற்காலிகளை 1916இல் நியூயார்க்கில் ஏலம் விட்டார். 1951இல் அரசு வாங்கி, வேறு இடங்களிலிருந்து பொருள் கொண்டுவந்து நிரப்பி, 1956இல் மறுபடி திறந்தது. ஹோர்ன் வீடும் ஹெர்பர்ட் ஹோர்ன் என்ற ஆங்கிலேயர் 1911இல் வாங்கி, தான் சேர்த்ததையெல்லாம் வைத்து உருவாக்கியதுதான். மைக்கலாஞ்சலோ வீட்டின் அலங்கார அறைகள் அவருடைய தம்பி வழிப் பேரன் 17ஆம் நூற்றாண்டில் பெரியவரின் புகழுக்காக அமைத்தவை. சுவரும் கிணறும் படிக்கட்டும் பழசு. கட்டிலும் பெட்டியும் பிற்காலத்தில் ஒருவர் மனத்தில் கண்ட பழைய ஃபுளோரன்ஸ். இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இல்லை.

சரி, சிவப்பு எண்களுக்கு வருவோம்.

ஆர்னோ ஆற்றின் தென்கரைக்கு ஓல்த்ரார்னோ என்று பெயர், ‘ஆர்னோவுக்கு அப்பால்’ என்று பொருள். சாந்தோ ஸ்பிரிதோ, சான் ஃப்ரெதியானோ பகுதிகளில் மரச்சட்டம் செதுக்குபவர், தங்க ரேக்கு ஒட்டுபவர், வெண்கலம் வார்ப்பவர், புத்தகம் கட்டுபவர் என்று பலர் இன்னும் வேலை செய்கிறார்கள். பட்டறைக்கு அவர்கள் சொல்லும் சொல் ‘போத்தேகா’. கடைக்கும் அதே சொல்தான். செய்கிற இடமும் விற்கிற இடமும் ஒன்றாக இருந்த காலத்துச் சொல் அது.

தங்க ரேக்கு ஒட்டுவதை ஒருமுறை நின்று பார்த்தால் போதும், பிறகு எந்த அரண்மனையில் பொன்முலாம் பூசிய சட்டத்தைப் பார்த்தாலும் கண் வேறு மாதிரி பார்க்கும். மரத்தின் மேல் முயல்தோல் பசையும் வெள்ளைச் சுண்ணப்பொடியும் கலந்த பூச்சைப் பல தடவை பூசித் தேய்க்கிறார்கள். அதன் மேல் ‘போலோ’ என்ற சிவப்புக் களிமண். பொன்னுக்கு வெம்மையான நிறம் தருவது அடியில் இருக்கும் இந்தச் சிவப்புதான். பிறகு நீரால் நனைத்து, மூச்சுப் பட்டால் பறந்துவிடும் ரேக்கைத் தட்டைத் தூரிகையால் தொட்டு எடுத்து வைக்கிறார்கள். காய்ந்ததும் அகேட் கல் பதித்த கருவியால் தேய்க்கத் தேய்க்க மங்கலாக இருந்தது உலோகமாக மின்னத் தொடங்குகிறது. பக்கத்தில் நிற்பவர் அந்த நேரத்தில் தானாகவே மூச்சை அடக்கிக்கொள்வார்.

பட்டுக்கு, சான் ஃப்ரெதியானோவில் அந்திகோ செத்திஃபிச்சோ ஃபியொரெந்தினோ. 1786 முதல் நடக்கும் நெசவுச்சாலை. 18ஆம் நூற்றாண்டுக் கைத்தறிகள் இன்றும் ஓடுகின்றன. பாவு ஓட்டும் பெரிய உருளை ஒன்று இருக்கிறது, கூண்டுபோல நின்று சுழலும். லியொனார்தோ தா வின்சியின் வரைபடத்தை ஒட்டிச் செய்தது என்று பரம்பரையாகச் சொல்கிறார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போக முடியும். அந்தச் சிரமத்துக்குத் தகுந்த இடம்.

தோலுக்கு, சாந்தா க்ரோச்சே தேவாலயத்துக்குப் பின்னால் ஸ்குவோலா தெல் குவோயோ. இரண்டாம் உலகப் போரில் அநாதையான பிள்ளைகளுக்கு ஒரு தொழில் கற்றுத் தரவேண்டும் என்று பிரான்சிஸ்கன் துறவிகள், தோல் தொழில் செய்த இரண்டு குடும்பங்களோடு சேர்ந்து 1950இல் தொடங்கிய பள்ளி. துறவிகளின் பழைய தங்கும் இடத்தில் நீளமாக மேசைகள். தோலின் ஓரத்தைச் செதுக்கி மெலிதாக்குவது, தைப்பது, பொன்னால் எழுத்துப் பதிப்பது எல்லாம் கண்ணெதிரே நடக்கும். முன்பதிவுக்கு நேரம் இல்லாதவர்களுக்கு இதுதான் என் முதல் பரிந்துரை.

கல் பதிக்கும் கலை இரண்டு பக்கத்திலும் சேராமல் நடுவில் நிற்கிறது. 1588இல் முதலாம் ஃபெர்தினாந்தோ தெ மெதிச்சி தொடங்கிய ஓபிஃபிச்சோ தெல்லே பியெத்ரே தூரே, கடினக் கற்களை மெல்லிய தகடுகளாக அறுத்து ஓவியம்போலப் பொருத்திய அரசுப் பட்டறை. இன்று அது உலகப் புகழ் பெற்ற மறுசீரமைப்பு நிறுவனம். கூடவே ஓர் அருங்காட்சியகம். கல்லை அறுக்கும் கருவி பார்க்க அம்பு எய்யும் வில் போலவே இருக்கும்: வளைந்த மரக்கிளை, நாணாக இரும்புக் கம்பி. ஈரமான எமரிப் பொடியைத் தடவிக்கொண்டே இழுத்தால் கம்பி கல்லுக்குள் மெல்ல இறங்கும். தில்லி செங்கோட்டையில் ஷாஜகானின் சிம்மாசனத்துக்குப் பின்னால் இசைக்கருவி வாசிக்கும் ஓர்ஃபியஸ் என்ற கிரேக்கப் புராண இசைஞனின் உருவம் பதித்த கல் இருக்கிறதே, அது இந்த ஃபுளோரன்ஸ் வேலைதான். ஊரில் சில தனிப் பட்டறைகளில் இன்றும் இதே வில்லை இழுக்கிறார்கள்.

பட்டறைகளில் குறையே இல்லையா? இருக்கிறது. வீட்டுக்கு நுழைவுச்சீட்டும் நேரமும் உண்டு, போனால் நிச்சயம் பார்க்கலாம். பட்டறை அப்படியில்லை. ஒருநாள் மதியம் இரண்டு மணிக்கு ஆசையாகப் போய், ஒரு தெரு முழுக்க மூடிய ஷட்டர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மதியச் சாப்பாட்டுக்கு மூடினால் மூன்று, மூன்றரைக்குத்தான் திறப்பார்கள். அப்புறம், போன நேரத்தில் அன்றைக்கு நடப்பது வெறும் மரம் தேய்க்கும் வேலையாகவும் இருக்கலாம். விளக்கிச் சொல்ல ஆள் இருக்க மாட்டார். ‘கையால் செய்தது’ என்ற பலகையை நம்பி ஏமாறவும் வாய்ப்பு உண்டு. சந்தைகளில் தொங்கும் தோல் பை எல்லாம் இந்த ஊரில் தைத்ததல்ல. வெக்கியோ பாலத்தில் 1593இல் இறைச்சிக் கடைகளை வெளியேற்றிப் பொற்கொல்லர்களுக்கு மட்டும் இடம் கொடுத்தார்கள். இன்று அங்கே நாம் பார்ப்பது பெரும்பாலும் கண்ணாடி அலமாரிகளைத்தான். வேலை நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி தரையைப் பார்ப்பது. சீவலும் தூசியும் கிடந்தால் நடக்கிறது.

ஆனால் எந்தப் பக்கம் சாய்வது என்பதை எனக்குத் தீர்மானித்துக் கொடுத்தது வேறொரு வித்தியாசம். 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. ஹோர்ன் வீட்டுக்குள்ளும் புகுந்தது, ஓல்த்ரார்னோவின் பட்டறைகளுக்குள்ளும் புகுந்தது. வீட்டுக்கு அரசும் அறக்கட்டளையும் உலகெங்கும் இருந்து வந்த உதவியும் இருந்தன. பட்டறைக்காரர் தன் உளியையும் அச்சையும் சேற்றிலிருந்து தானே பொறுக்கி எடுத்தார். இன்றும் நிலைமை அதுதான். வீட்டை யாரும் இடிக்கப் போவதில்லை. ஊரின் பழைய மையம் 1982 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியல் கட்டடத்தைக் காக்கும், வாடகையைக் குறைக்காது. சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் கிடைக்கும் பணத்தோடு ஒரு மரச்சட்டம் செதுக்குபவர் போட்டி போட முடியாது. 2023இல் நகராட்சி வரலாற்று மையத்தில் புதிய குறுகிய கால வாடகைகளுக்குத் தடை கொண்டுவந்தது, அது வழக்குக்கும் போனது. இதற்கு நடுவில் வயதான கைவினைஞர் ஒருவர் கடையை மூடினால் அவர் கைப்பழக்கமும் அன்றோடு முடிந்தது. அதைப் பெட்டியில் வைத்துக் காட்ட முடியாது.

அதனால் அரை நாள்தான் என்றால் தயங்காமல் சிவப்பு எண். முழு நாள் இருந்தால் காலையில் தவன்சாத்தி, மதியத்துக்கு மேல் சாந்தா த்ரினிதா பாலத்தைக் கடந்து ஓல்த்ரார்னோ. இந்த வரிசையை மாற்றாதீர்கள். காலையில் பார்த்த கட்டிலும் சட்டமும் எப்படி வந்தன என்று மாலையில் பதில் கிடைக்கும். போகிற வழியில் பெரிய மாளிகைச் சுவர்களில் ஒரு சாண் அகலத்தில் வளைவான சின்னச் சன்னல்கள் தென்பட்டால் நின்று பாருங்கள். பிரபுக் குடும்பங்கள் தங்கள் தோட்டத்துத் திராட்சை மதுவைத் தெருவில் போகிறவர்களுக்கு விற்ற வழி அது. ஊரில் 150க்கும் மேல் மிஞ்சியிருக்கின்றன. அந்த நாளில் வீட்டுச் சுவரே கடையாகவும் இருந்திருக்கிறது.

வார நாளில், மூன்றரை மணிக்கு மேல் போங்கள். புகைப்படம் எடுக்கும் முன் கேளுங்கள். சின்னதாக ஏதாவது வாங்க முடிந்தால் வாங்குங்கள். கதவு திறந்திருந்தாலும் நேரே நுழைந்துவிட வேண்டாம். வாசலில் நின்று ‘பெர்மெஸ்ஸோ’ என்று சொல்லுங்கள். இத்தாலியர்கள் இன்னொருவர் வீட்டுக்குள் கால் வைக்கும்போது சொல்லும் சொல் அது.