300-ஆ, 150-ஆ? பெரிய ஓவியப் பிரிண்ட்டுக்கு எது போதும்?

24 x 36 அங்குலத்தில் ஒரு பிரிண்ட். 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) கட்டாயம் என்பார் ஒருவர், 150 தாராளம் என்பார் இன்னொருவர். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

பிக்சல்
300: 7200 x 10800, சுமார் 78 மெகாபிக்சல்.
150: 3600 x 5400. 24 மெகாபிக்சல் கேமராவே போதும்.

ஃபைல் (சுருக்காத 8 பிட் ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஆளுக்கொரு பைட்)
300: ஏறக்குறைய 233 எம்பி. லேயர்கள் (ஒன்றன்மேல் ஒன்றாக வரையும் அடுக்குகள்) சேர்ந்தால் கம்ப்யூட்டர் திணறும்.
150: 58 எம்பி.

பார்க்கும் தூரம்
விஷயமே இதில்தான் இருக்கிறது. நல்ல பார்வை உள்ள கண், ஓர் அடி தூரத்தில் அங்குலத்துக்கு 290 பிக்சல் வரை பிரித்தறியும். இரண்டடி தள்ளி நின்றால் அது பாதியாகிவிடும். சோபாவுக்கு மேல் மாட்டிய படத்தை யாரும் மூக்கு உரசப் பார்ப்பதில்லையே!

பரப்பு
கேன்வாஸின் நெசவே நுணுக்கங்களை விழுங்கிவிடும், அங்கே 300 வீண். வழவழப்பான தாளில் மெல்லிய பேனாக் கோடு இருந்தால், 150-இல் ஓரம் பிசிறடிக்கும்.

150 படத்தை மென்பொருளில் 300 ஆக்கி ஏமாந்தவன் நான். ஃபைல்தான் ஊதிப் பெருத்தது. மங்கலான கண்ணிமை மங்கலாகவே வந்தது.

கோட்டோவியம், சிறிய எழுத்து, கிட்டத்தில் பார்க்கும் படம் என்றால் 300. சுவரில் மாட்டும் கேன்வாஸ், புகைப்படம் என்றால் 150. டிஜிட்டலில் இனிமேல்தான் வரையப்போகிறீர்களா? 300-லேயே தொடங்குங்கள், பிறகு குறைத்துக்கொள்ளலாம்.