அண்ணனின் சாம்பார் வாளியும் என் காலை நடையும்

அண்ணன் மதுரையில் ஒரு மெஸ்ஸில் பரிமாறுகிறார். 22 வருட சர்வீஸ். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிற ஆள். அந்த உறுத்தலில் தினமும் காலையில் 45 நிமிடம் நடக்கிறேன். போன வருடம் அண்ணனுக்குச் சுகர் எட்டிப் பார்த்தது. டாக்டர் வழக்கம்போல, "எக்சர்சைஸ் ஏதும் பண்றீங்களா?" என்று கேட்டுவிட்டார். அண்ணனுக்கு வந்ததே கோபம். வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. "ஏண்டா, நீ நடந்தா அதுக்குப் பேரு உடற்பயிற்சி, நான் நடந்தா அதுக்குப் பேரு பொழப்பா?"

நியாயமான கேள்விதான். சரி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் எண்ணிக்கை. என் பழைய போனை ஒரு சனிக்கிழமை முழுக்க அவர் சட்டைப் பையில் போட்டுவைத்தோம். இரவு எடுத்துப் பார்த்தால் 14 ஆயிரம் அடிகளைத் தாண்டியிருந்தது. அன்றைக்கு என் கணக்கு, காலை நடையையும் சேர்த்து, 7 ஆயிரம்கூட இல்லை. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. போனை என் பக்கம் தள்ளிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அடுத்த வாரம் மதிய நேரத்தில் மெஸ்ஸுக்கே போய் ஓரமாக உட்கார்ந்து கவனித்தேன். அடுப்படியிலிருந்து கடைசி மேசை வரைக்கும் 14 எட்டு. நிற்பார், ஊற்றுவார், "சாருக்கு ரசமா?" என்பார், மறுபடி 14 எட்டு. கொதிக்கிற சாம்பாரோடு யாரும் ஓட முடியாது. அதனால் நடையில் வேகம் ஏறுவதே இல்லை. வாளி எப்போதும் இடது கையில், கரண்டி வலது கையில். சட்டையைக் கழற்றினால் தெரியும், இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். 22 வருடமாக ஒரே தசைகள், ஒரே பக்கம், ஒரே வேகம்.

இரண்டாவது சோதனையை நான் திட்டமிடவில்லை. குடும்பத்தோடு பழனிக்குப் போனபோது நடந்தது. 693 படிகள். வின்ச்சில் போகலாம் என்றார் மதினி, அண்ணன் கேட்கவில்லை. பாதிகூட ஏறியிருக்க மாட்டோம், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மூச்சு வாங்கியதில் பேச்சே வரவில்லை. நான் இரண்டு இடத்தில் நின்று ஏறிவிட்டேன். நாளைக்கு 14 ஆயிரம் அடி நடக்கிற கால் அது.

நம் இதயம் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தோம் என்று கேட்பதில்லை. வழக்கத்தைவிடக் கூடுதலாக எப்போது கேட்டோம் என்றுதான் பார்க்கிறது. மிதமான பயிற்சிக்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மெஸ்ஸில் அண்ணன் தாராளமாகப் பாடலாம். முதலாளி திட்டுவார், அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், அதோடு இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் வேலையும் கேட்கிறது. அது வேலையிடத்து உழைப்பையோ வீட்டு வேலையையோ கணக்கிலிருந்து தள்ளவில்லை. மதினி குத்தவைத்து வீடு முழுக்கத் துடைப்பதும் அதில் சேரும். ஆக, டாக்டர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "வேலையில் மூச்சு வாங்குகிற மாதிரி எவ்வளவு நேரம்?" என்பதுதான்.

அண்ணன் கட்சிக்குப் பழைய, பலமான சாட்சி ஒன்று உண்டு. லண்டன் மாடிப் பேருந்துகள். ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் 1953இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரே பேருந்து, ஒரே ஊர். ஓட்டுநர் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார், நடத்துநர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்குவார், நாளைக்கு 500 முதல் 750 படி வரை. நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாகவும், வந்தாலும் உயிரைப் பறிப்பது குறைவாகவும் இருந்தது. தபால்காரர்களையும் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் அஞ்சல் துறை ஊழியர்களையும் ஒப்பிட்டபோதும் அதே கதைதான். உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லது என்ற நவீன அறிவியலே ஒரு வேலையைப் பார்த்துத்தான் தொடங்கியது. இதை என் வாக்கிங் நண்பர்கள் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் மோரிஸே சீருடைக் கணக்கைத் தோண்டி, ஓட்டுநர்களின் இடுப்பு அளவு வேலைக்குச் சேரும்போதே பெரிது என்று கண்டுபிடித்தார். தன் முடிவைத் தானே சந்தேகப்பட்ட மனிதர். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான்.

சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் 6,351 சுமைத் தொழிலாளர்களை 22 வருடம் பின்தொடர்ந்து 1975இல் வெளியான ஆய்வும் அண்ணன் பக்கமே பேசியது. கடும் உழைப்பாளிகளுக்கு மாரடைப்புச் சாவு குறைவு.

ஆனால் 2021இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனிலிருந்து வந்த கணக்கு தலைகீழ். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சுமார் 10 வருடம் கவனித்தார்கள். ஓய்வு நேரத்தில் உடலை அசைத்தவர்களுக்கு அகால மரணம் குறைந்தது. வேலையில் மிகக் கடுமையாக உழைத்தவர்களுக்கோ 27 சதவீதம் கூடியது. புகை, வருமானம் போன்றவற்றைக் கழித்த பிறகும் இந்த வித்தியாசம் நின்றது. அதே வருடம் பக்கத்து நாடான நார்வேயில் வந்த ஆய்வு, உழைப்புள்ள வேலை பார்த்த ஆண்கள் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களைவிடக் கொஞ்சம் அதிக காலம் வாழ்ந்ததாகச் சொன்னது. எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. 'உழைப்புள்ள வேலை' என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டியதில்தான் கோளாறு.

சாக்கைப் பிரிப்போம். கூரியர் பையோடு மாடி மாடியாக ஏறி இறங்குகிறவர் தனியாக நடக்கப் போக வேண்டியதில்லை. அவர் வேலையே பயிற்சி. ஜவுளிக்கடையில் 10 மணி நேரம் நிற்கும் பெண்ணுக்கு ஒன்றும் தேறாது: கால் வீங்கும், நரம்பு சுருளும், மூச்சு வாங்காது. தமிழ்நாட்டில் 2021இல் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்களே, அது சொகுசுக்காக அல்ல. நிற்பதை உடற்பயிற்சி என்று சொல்கிறவர்களை அந்தக் கடையில் ஒரு ஆடிமாதம் நிறுத்திப் பார்க்கலாம்.

சுமை தூக்குகிறவர் விஷயம்தான் சிக்கல். ஜிம்முக்குப் போகிறவன் 60 கிலோவைப் பத்துத் தடவை தூக்கி, இரண்டு நிமிடம் உட்கார்ந்து, செல்ஃபி எடுத்து, மறுநாள் வேறு தசைக்குப் போவான். நெல் மூட்டை இறக்கும் ஆளுக்கு லாரி காலியாகிற வரை ஓய்வு கிடையாது. மறுநாளும் அதே முதுகு. பாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ரத்த அழுத்தம் ஏறுகிறது, நாள் முழுக்க ஏறியபடியே இருக்கிறது. எட்டு மணி நேர வேலை ஒருவரின் உச்சத் திறனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று உழைப்பு உடலியலில் பொதுவாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கைப் பார்த்து மூட்டை கொடுக்கிற மண்டியை நான் கண்டதில்லை. பயிற்சி, ஓய்வில்தான் தசையாக மாறுகிறது. ஓய்வில்லாவிட்டால் அது தேய்மானம். அவரிடம் போய் "நடங்க" என்று சொல்வது அபத்தம். அவருக்கு இடைவெளியும் கூட ஒரு ஆளும் வேண்டும்.

அப்படியானால் அண்ணன்? நடக்கிற கணக்கில் என்னைவிட மேல், மூச்சுக் கணக்கில் என்னைவிடக் கீழ். நான் மட்டும் யோக்கியமா என்றால், 45 நிமிடம் நடந்துவிட்டு ஒன்பது மணி நேரம் நாற்காலியில் ஒட்டிக்கொள்கிறேன். சாப்பிட்ட பிறகு எழுந்து நடப்பது சர்க்கரையை இறக்கும். அந்த நேரத்தில் அண்ணன் பரிமாறிக்கொண்டிருக்கிறார், நான் மீட்டிங்கில் இருக்கிறேன். அவரவர் ஓட்டை அவரவர் இடத்தில்.

பழனிக்குப் பிறகு அவர் இரண்டு விஷயம் மாற்றினார். வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி, பேச்சு திணறுகிற வேகத்தில் 15 நிமிடம் நடந்து வருகிறார். வாளியை ஒரு பந்திக்கு இடது, அடுத்த பந்திக்கு வலது என்று மாற்றுகிறார். முதல் வாரம் ஒரு வாடிக்கையாளர் வேட்டியில் ரசம் ஊற்றிவிட்டார். செவ்வாய்க்கிழமை அவருக்கு வார விடுமுறை. முன்பெல்லாம் அன்றைக்கு ஐந்தரைக்கே கதவைத் தட்டி, "அண்ணே, நடக்கப் போலாம் வாங்க" என்று கூப்பிடுவேன். இப்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் போடாமல் கேட்டைச் சாத்திவிட்டுப் போகிறேன்.