லேத் பட்டறையில் துரு: எண்ணெயா, கிரீஸா, பல்பா, சிலிகா ஜெல்லா?

கோயம்புத்தூரில் ஆயுத பூஜை முடிந்த கையோடு வடகிழக்குப் பருவமழை இறங்கிவிடும். தீபாவளிக்கு வேலையாட்கள் ஊருக்குக் கிளம்பினால், கணபதி, பீளமேடு பக்கம் பல பட்டறைகளில் நாள்கணக்கில் ஷட்டர் ஏறாது. அப்புறம் மார்கழிப் பனி. தை பிறக்கும்வரை இரும்பைக் காப்பாற்ற ஆளுக்கொரு வழி சொல்வார்கள். எல்லாம் ஒரே தரமில்லை.

லேத் பெட்டுக்கு, அதாவது மெஷினின் நீளமான அடித்தளத்துக்கு, கிரீஸ் பூசுவது பழைய வழக்கம். கனமாக நிற்கும், வழியாது. மாதக்கணக்கில் ஓட்டப்போகாத மெஷினுக்கு அதுதான் சரி. ஆனால் தினமும் ஓடுகிற மெஷினில் வார்ப்பிரும்புத் தூள் அதில் அப்பிக்கொள்ளும். லீவு முடிந்து வந்து ஒழுங்காக வழிக்காமல், பெட் மேல் நகரும் சேடிலை நகர்த்தினால் பெட் கீறிவிடும். தீபாவளி, பொங்கல் லீவுக்குத் துருத்தடுப்பு எண்ணெய் போதும். ஸ்பிரே டப்பாவை நம்ப வேண்டாம்; அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும், மிஞ்சும் படலம் மெல்லிசு. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே உறையும், நாள்பட்டால் பிசுக்காகும்.

எதைப் பூசினாலும் அடியில் ஈரம் இருக்கக் கூடாது. கடையும்போது சூடு தணிக்க ஊற்றும் தண்ணீர் கலந்த கூலண்டை பனியன் வேஸ்ட்டால் (கழிவுத் துணியால்) ஒட்டத் துடைத்துவிட்டுப் பூசுங்கள். ஆயுத பூஜைக்கு வைக்கும் சந்தனப் பொட்டையும் கவனியுங்கள். சாமி காரியம், வைக்கத்தான் வேண்டும். மெஷினின் தலைப்பகுதியான, பெயிண்ட் அடித்த ஹெட்ஸ்டாக் மேல் வையுங்கள். கடைந்த பரப்பில் ஈரச் சந்தனம் காய்ந்தால், பொட்டு உதிர்ந்த இடத்தில் வட்டமாகப் பழுப்புத் தடம் நிற்கும்.

அளவுக் கருவிகளுக்கு மழையைவிடப் பனிதான் எதிரி. ராத்திரி முழுக்கக் குளிர்ந்த இரும்பு, காலையில் ஷட்டரைத் தூக்கியதும் உள்ளே வரும் ஈரக்காற்றில் வியர்க்கும். பீரோவுக்குள் 40 வாட் குண்டு பல்பு எரிந்தால் இரும்பு அவ்வளவு குளிராது. 20 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 25 டிகிரிக்குச் சூடானாலே அது 60 சதவீதத்துக்கு இறங்கிவிடும். துரு வேகமெடுப்பது பெரும்பாலும் அதற்கு மேலேதான். எல்இடி பல்பில் அந்தச் சூடு கிடைக்காது. கரண்ட் போனால் காவலும் போகும். எண்ணெய் ஊறிய வேஸ்ட்டை பல்புப் பக்கம் வைத்தால் தீ ஆபத்து.

சிலிகா ஜெல்லுக்குக் கரண்ட் வேண்டாம், இறுக்கமாக மூடும் டப்பா வேண்டும். இடுக்கு விட்ட பீரோவில் போட்டால் ஊர்க்காற்றின் ஈரத்தையெல்லாம் குடித்துச் சீக்கிரமே ஓய்ந்துவிடும். நிறம் மாறியதும் 120 டிகிரியில் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். தினமும் திறக்கும் பீரோவுக்கு பல்பு, எப்போதோ எடுக்கும் ஸ்லிப் கேஜ் (அளவு சரிபார்க்கும் கட்டைகள்) பெட்டிக்கு ஜெல் என்று நான் பிரிப்பேன்.

டிரில், கட்டர், முடித்து வைத்த ஜாப்புக்கு (கடைந்த உருப்படிக்கு) விசிஐ எனும் துருத்தடுப்புத் தாள் அருமையானது. தாளிலிருந்து கிளம்பும் ஆவி இரும்பில் படிந்து காக்கும். அதனால் பாலிதீன் கவரில் போட்டு வாயை மூடுங்கள். பித்தளைக்கு எல்லாத் தாளும் ஒத்துக்கொள்ளாது, கேட்டு வாங்குங்கள்.

மைக்ரோமீட்டரைக் கைரேகை போகத் துடைத்து, துளி எண்ணெய் தடவி வையுங்கள். அளக்கும் இரண்டு முகமும் ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும். ஒட்டி மூடினால் நடுவில் சிக்கும் ஈரத்தில் முகமே அரித்துப்போகும்.